மாதா கோயில் வாசலில் ஒரு மேசை



"சாமி கும்பிடுற இடத்துல ஓட்டு வேலை என்னத்துக்குடா?" என்று நம் வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். நல்ல நண்பர்தான். ஆனால் அவர் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு கணக்கீட்டுப் படிவம் வந்தது. 2002 அல்லது 2005-ஆம் வருடப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். படித்தவர்களுக்கே தலை சுற்றியது! எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தது நான். அதனால் தெருவுக்கே நான்தான் 'படிச்ச புள்ள'. "தம்பி, இதுல என்ன எழுதணும்?" என்று ஆளாளுக்கு வந்தார்கள். ஒரு ஆள் எத்தனை வீட்டுக்குத்தான் எழுதுவது?

அந்த நேரத்தில்தான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மாதா கோயில் வாசலில், ஞாயிறு பூசை முடிந்ததும் மேசை போட்டார்கள். இரண்டு டீச்சரம்மா, ரிட்டையரான தபால்காரர் ஒருவர், இளைஞர்கள் நாலைந்து பேர். செல்போனில் பழைய பட்டியலைத் தேடி எண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார்கள். பொட்டு வைத்த அம்மாவும் வந்தாங்க, தொப்பி போட்ட பாயும் வந்தார். 'நீங்க எந்தச் சபை?' என்று யாரையும் கேட்கவில்லை. (ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிலரது ஆதார் நகலை அவர்களே வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.)

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இறந்தவர்களும் இரட்டைப் பதிவும் போகட்டும், அது நியாயம். ஆனால் நீக்கப்பட்டதில் சுமார் 66 லட்சம் பேர் 'இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்' கணக்கு. நம்ம ஏரியாவை நினைத்துப் பாருங்கள்! ஒரகடம் கம்பெனிக்கும் மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் போகிற ஆட்கள் எல்லாம் வாடகை ரூமில்தான் இருக்கிறார்கள். ஷிஃப்ட்டுக்குப் போனவன் வீட்டுக் கதவு பகலில் பூட்டித்தான் கிடக்கும். அவன் எங்கே போவான்? லீவு நாளில் கோயிலுக்கோ, கறிக்கடைக்கோ வருவான். அங்கே மேசை போடுவதுதானே புத்திசாலித்தனம்?

இது புதுக் கதையும் அல்ல. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து அடிபட்டன. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் மகள்' என்று பதிந்திருந்ததே காரணம். இன்றைக்கும் எங்கள் தெருவில் 'பெரியவன் அம்மா' என்றால்தான் தெரியும், பெயர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முழிப்பார். அப்படிப்பட்ட அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டாமா?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பட்டியலில் ஏற முடியாதபடி படிப்புத் தேர்வு, வரி என்று ஆயிரம் முட்டுக்கட்டை போட்டார்கள். 1965 மார்ச் 7-இல் அலபாமா மாநிலம் செல்மாவில் அவர்கள் ஊர்வலம் கிளம்பிய இடம் பிரவுன் சேப்பல் என்ற தேவாலயம். பாலத்தில் போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்த வருடம் ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

நண்பரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. படிவம் எழுதுகிற கை, சின்னத்தையும் காட்டிவிடுமோ என்பதுதான் அது. அதற்குச் சட்டமே கோடு போட்டிருக்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3)-இன்படி அது முறைகேடு. 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஃபாதர் பிரசங்கத்தில் 'இவருக்குப் போடுங்க' என்று சொன்னால், அந்த மேசையை முதலில் தூக்கச் சொல்பவன் நானாக இருப்பேன். அதுவரை அந்த மேசை இருக்கட்டும். நாளைக்கே நம் நரசிம்மர் கோயில் வாசலிலும், பள்ளிவாசல் திண்ணையிலும் போட்டால் இன்னும் சந்தோஷம்!

நாம் மட்டும் என்ன கிழித்தோம்? 1989 வரை 21 வயதானால்தான் ஓட்டு. நமக்கு 18-லேயே கிடைத்திருக்கிறது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நாலு மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாள்கள். 17 முடிந்தவரும் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஹாஸ்டல் மாணவர்கள் ஊரிலோ இங்கேயோ, ஏதாவது ஒரு இடத்தில்தான் பதியலாம். இங்கே என்றால் பிரின்சிபால் சான்று வேண்டும்.

கேன்டீன் பக்கத்தில் ஒரு மேசை கேட்டு சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மதியம் நான் உட்காருகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிற இரண்டு பேர் வேண்டும், என் எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும்.