ஒரிஜினல் பக்தர்களே, வழி விடுங்கள்!

தூத்துக்குடியில் என் பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு வெள்ளை அம்பாஸடர் நிற்கிறது. 1968 மாடல், மார்க் டூ. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் கியர். 'ஓடுகிறது' என்று எழுதத்தான் ஆசை. சர்க்கரை வியாதியில் பெரியப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளட்சை மிதிக்க அந்தக் கால்தானே வேண்டும்?

"ஏலே, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டிட்டா கிளட்ச்சே வேண்டாம்லா?" என்றார். மெக்கானிக்கும், "மாட்டலாம் அண்ணாச்சி, ஆனா வேல நெறைய இருக்கு" என்றார்.

பழைய கார் பிரியர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். செத்த வீட்டில் விசில் அடித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "கோயில் சிலைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவீங்களா சார்? ஒரிஜினாலிட்டி போயிடும். முடியலைன்னா வித்துடுங்க."

எந்த ஒரிஜினல் ஐயா?

அம்பாஸடரே இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பு. முதலில் சைடு வால்வ் எஞ்சின். 1959-ல் அதை எடுத்துவிட்டு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினை வைத்தார்கள். தொண்ணூறுகளில் ஜப்பானின் இசுசு எஞ்சின் வந்தது, கூடவே ஐந்து கியர் பெட்டியும். கம்பெனி மாற்றினால் முன்னேற்றம், காலில்லாத மனிதர் மாற்றினால் பாவமா?

இன்னொன்றும் கேளுங்கள். அறுபதுகளில் இங்கிலாந்தில் விற்ற மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஆறாம் வரிசையில், நம் அம்பாஸடர் எஞ்சினின் சொந்தக்கார எஞ்சின்தான் இருந்தது. அதற்கு போர்க் வார்னர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கேட்டு வாங்கலாம். அண்ணன் குடும்பத்தில் அப்போதே நடந்த கல்யாணத்துக்குத் தம்பி வீட்டில் இப்போது தடையா?

பெரியப்பா இதையெல்லாம் படித்தவரில்லை. அவருக்குத் துறைமுகம்தான் பள்ளிக்கூடம். "பாய் கட்டிக் கொழும்புக்குப் போன தோணில பின்னால எஞ்சின் வச்சாவல்லா? அதுக்காவ அத தோணி இல்லன்னு எவனாது சொன்னானா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

'கையால் இயக்கும் கிளட்ச் வைக்கலாமே' என்பார்கள். பல வண்டிகளில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இந்த வண்டியில் கியருக்கும் இடது கைதான். கிளட்சும் அந்தக் கைக்கே போனால், எழுபது தாண்டியவர் நெரிசலில் எத்தனை வேலையை ஒரே கையால் பார்ப்பார்?

மாற்றுவது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய சின்ன கார்களின் ஆட்டோமேட்டிக் பெட்டி பெரும்பாலும் முன் சக்கரத்தை இழுப்பதற்கானது, குறுக்கே உட்காரும். அம்பாஸடருக்குப் பின் சக்கர இழுவை, பெட்டி நெடுக்காக உட்கார வேண்டும். எஞ்சினோடு சேர்க்க இடையில் ஒரு தகடு கடைய வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும், பெட்டியின் ஆயிலுக்குக் கூலர் வேண்டும். கியரைக் குறைத்து வேகத்தைப் பிடிப்பது முன்போல் நடக்காது, அதனால் பழைய டிரம் பிரேக்குக்கு வேலை கூடும். பிரேக்கைச் சரி செய்யாமல் கியர்பாக்ஸில் கை வைக்கிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட உண்டு. ஆனால் அதே திருத்தம்தான் உடல் குறையுள்ளவருக்காக மாற்றி அமைத்த வண்டியையும் சட்டத்துக்குள் சேர்த்தது. 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேஸி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது. இந்த வரிசையில் கியர்பாக்ஸின் பெயர் இல்லை. அதற்காக இஷ்டத்துக்கு வெட்டலாம் என்று அர்த்தமும் இல்லை. அந்த வின்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினசரி கடைக்குப் போக முடியாது. பெரியப்பாவுக்கு வேண்டியது கடைக்குப் போகிற வண்டி.

அனுமதி கேட்டு அலைந்தபோது, 'தயாரித்த கம்பெனியிடம் லெட்டர் வாங்கி வாருங்கள்' என்றார்கள். அம்பாஸடர் தயாரிப்பு நின்றது 2014-ல். பெயரையே 2017-ல் பெஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு விற்றாயிற்று. லெட்டரை யாரிடம் வாங்குவது, பெயர்ப்பலகையிடமா? சட்டம் திறந்துவிட்ட கதவை ஒரு பாரம் வைத்து அடைக்கிறார்களே, அதை எதிர்த்துக் கோஷம் போடுங்கள் பக்தர்களே, நானும் வருகிறேன்!

நான் மெக்கானிக்கிடம் கேட்டது இரண்டே விஷயம். சேஸியையும் பாடியையும் வெட்டாமல், போல்ட் போட்டு மாட்டும்படி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பெட்டியை கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி எங்களிடமே கொடுத்துவிட வேண்டும். நாளைக்குப் பேரனுக்கு ஒரிஜினல் ஆசை வந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும். தூத்துக்குடி உப்புக்காற்றில் சும்மா நிற்கிற வண்டியின் தகரத்தை துரு தின்றுவிட்டால், அதை எந்தப் பேரனாலும் திரும்ப மாட்ட முடியாது.

ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா கோயில் திருவிழா. பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வருஷா வருஷம் போய் வந்த மனுஷன், போன வருஷம் ஆட்டோவில் போனார். "வண்டி வாசல்ல நிக்கி, நா ஆட்டோல போறேன் பாரு" என்றார்.

உங்கள் ஒரிஜினாலிட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வண்டி ஓட வேண்டும்.