படிவத்தில் எழுதாமல் விட்ட பதினைந்து ஆண்டுகள்

இடுப்பெலும்பு முறிந்த எங்கள் தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்தபோது, படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்ற வங்கிக் காவலர்’ என்று எழுதினோம். அது பொய்யன்று. ஆனால் அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் அவர் இராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்தவர். 1971 டிசம்பர்ப் போரில் மேற்கு எல்லையில் நின்றவர். எலும்பு முறிவுக்கும் பழைய போருக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி, அதைச் சொல்லாமல் விட்டோம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாள் இரவு, இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியர் தோளைத் தொட்டு எழுப்பினார். தந்தையார் அலறியபடி கையை வீச, செவிலியரின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. மறுநாள் நோயாளிக் குறிப்பேட்டில் ‘ஒத்துழைக்காதவர்’ என்ற சொல் ஏறியிருந்தது.

எங்களுக்கு வெட்கமாயிற்று. தாயார் இருந்தவரை ஒருநாளும் அவரைத் தொட்டு எழுப்பியதில்லை. கட்டிலின் காலடியில் நின்று, ‘என்னங்க, விடிஞ்சிருச்சு’ என்பார். தீபாவளியன்று கதவுகளைச் சாத்தி வானொலியை உரக்க வைப்பார். நாங்கள் இவற்றை வீட்டு வழக்கம் என்றே கருதி வளர்ந்தோம், காரணம் கேட்டதில்லை. போரின் அதிர்ச்சி மனத்தில் தங்கிவிடும் நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இன்றைய நோய்ப்பெயரை வழங்கியதே 1980இல்தான். தந்தையாருக்கு இருப்பது அதுதானா என்று நாங்கள் தீர்ப்பளிக்கவில்லை. அது மருத்துவரின் பணி.

செவியின் கதையும் இதுவே. பீரங்கியின் முழக்கம் 140 டெசிபலைத் தாண்டும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற ஒலிகளே முதலில் மறையும். பெண்களின், குழந்தைகளின் பேச்சு தெளிவிழக்கும். நாங்களோ ‘வேண்டியது மட்டும் காதில் விழும்’ என்று கேலி பேசினோம். அறுவைக்கு முன் மருத்துவர் விளக்கியபோது அவர் தலையசைத்ததைச் சம்மதமாகக் கொண்டோம். அதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது.

புகை, மது குறித்துக் கேட்கும் படிவம், ‘படையில் பணியாற்றினீர்களா, என்ன பணி’ என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கேட்காவிடில் குடும்பத்தாரே சொல்லிவிட வேண்டும். போர்க்களத்தில் நடந்ததைக் கிளற வேண்டியதில்லை. எங்கள் தந்தையார் இன்றுவரை அதைப் பேசியதில்லை. பேசச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டோம். பணியும் ஆண்டும் போதும்.

அந்தச் செவிலியரிடம் மன்னிப்புக் கேட்டு, அனைத்தையும் சொன்னோம். அன்று மாலையே குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: ‘முன்னாள் பீரங்கி வீரர். வலப்பக்கம் நின்று பேசவும். தொடாமல், காலடியில் நின்று அழைக்கவும்.’