நலமறிவோம்: புறாவின் பாலும் எலியின் கட்டியும்



நிலாவெளிக் கடலில் புறாத்தீவு இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறா தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் புறாவின் தொண்டைப்பையின் உட்சுவர் தடித்து, தயிர்க்கட்டி போல உதிரும். அதைத்தான் குஞ்சின் வாயில் ஊட்டுகிறது. தாய்ப்புறா மட்டுமன்றித் தந்தைப்புறாவும் ஊட்டும். இந்தப் பாலைச் சுரக்கச் செய்யும் ஓமோனுக்கு 1933 இல் அமெரிக்காவில் ஒஸ்கார் றிடிலும் அவருடன் வேலை செய்தவர்களும் புரோலக்ரின் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பெற்ற நம் மார்பில் பால் சுரப்பதும் புரோலக்ரினால்தான்.

இதை இந்த மாதம் எழுதக் காரணம் உண்டு. மூதூர்ப் பக்கமும் குச்சவெளிப் பக்கமும் பெண்கள் கூட்டங்களில் பேசி முடித்து எழும்பும்போது, எல்லோரும் போகும்வரை கதவோரத்தில் நின்று யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "அக்கா, பிள்ளை இல்லாமல் பால் வருமா?" கேட்பவர் பல வேளைகளில் கணவரை இழந்தவராக அல்லது காணாமல் போன கணவரை இன்னும் தேடுபவராக இருப்பார். மாதவிடாயும் நின்றிருக்கும். இரண்டையும் சேர்த்து அயலவர் என்ன கதை கட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சட்டைக்குள் துணியை மடித்து வைத்து, பெற்ற தாய்க்கும் சொல்லாமல் வருடக்கணக்கில் மறைக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில்: வரும். கர்ப்பம் இல்லாமலும் பால் வரலாம். அதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை யாரும் அளக்க முடியாது. அதற்குக் காரணமாகும் நோயும் பெரும்பாலும் குளிசையால் அடங்கும்.

கடலையளவு சுரப்பி

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் கபச்சுரப்பி இருக்கிறது. கடலையளவுதான், நிறை சுமார் அரைக் கிராம். வளர்ச்சி, மாதவிடாய், தைரொயிட் எல்லாவற்றுக்கும் கட்டளை இடுவது இதுதான். மற்ற ஓமோன்களைச் சுரக்கும்படி மூளை இந்தச் சுரப்பியைத் தூண்டும். புரோலக்ரினை மட்டும் அடக்கியே வைத்திருக்கும். அதற்கு மூளை அனுப்பும் பொருளின் பெயர் டொபமைன். பிள்ளை பால் குடிக்கும் காலத்தில் மட்டும் இந்தப் பிடி தளரும்.

சிலருக்கு இந்தச் சுரப்பியில் ஒரு கலம் அடங்காமல் பெருகிச் சிறு கட்டியாகிறது. புரோலக்ரின் கூடுகிறது. பால் வருகிறது, பாலூட்டும் தாய்க்கு நிற்பது போல மாதவிடாயும் நிற்கிறது. ஓமோன் சுரக்கும் கபச்சுரப்பிக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

விலங்குகள் சொல்லித் தந்தவை

1928 இல் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில், கபச்சுரப்பிச் சாற்றை ஊசியாக ஏற்றியதும் பெண் முயல்களுக்குப் பால் சுரந்தது. பிறகு புறாவின் தொண்டைப்பையே ஆய்வாளரின் தராசு ஆயிற்று. எவ்வளவு தடிக்கிறதோ, ஊசியில் அவ்வளவு புரோலக்ரின் இருந்தது என்று கணக்கு. ஆனால் மனிதரின் வளர்ச்சி ஓமோனுக்கும் பால் சுரக்க வைக்கும் குணம் உண்டு. அதனால் மனிதருக்கென்று தனியாகப் புரோலக்ரின் இல்லை என்றே 1970 வரை பலர் நம்பினார்கள். 1971 இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஹென்றி பிறீசன் குழுவினர் அதை இரத்தத்தில் தனியாக அளக்க வழி கண்டார்கள். அதுவரை இப்படி ஒரு பெண் வந்தால் எந்த டொக்டராலும் அதை அளந்து சொல்ல முடிந்திருக்காது.

மருந்துக்கு வழி காட்டியது எலி. றை என்ற தானியக் கதிரில் வளரும் ஒரு பூஞ்சணத்தின் சத்து, பெண் எலிக்குக் கரு தங்காமல் செய்தது. புரோலக்ரின் குறைவதே காரணம் என்று தெரிய வந்தபின், சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் கம்பனியில் எட்வேட் புளூக்கிகர் குழுவினர் அந்தச் சத்திலிருந்து புரோமோகிறிப்ரின் என்ற மருந்தை உருவாக்கி எலிகளில் சோதித்தார்கள். அது டொபமைனைப் போலவே வேலை செய்து சுரப்பை அடக்கும். 1971 இலேயே அந்த மருந்தால் பெண்களுக்குப் பால் நின்றது பற்றிய அறிக்கை வெளிவந்தது.

பிஷர் என்ற இன எலிக்குப் பல வாரம் ஈஸ்ரோஜன் கொடுத்தால் கபச்சுரப்பி பல மடங்கு வீங்கிப் புரோலக்ரினைக் கொட்டும். இதைக் கேட்டதும், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையிலும் ஈஸ்ரோஜன் இருக்கிறதே என்று பயம் வரும். வேறு இன எலிக்கு அதே ஈஸ்ரோஜனைக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. எலிக்குச் சுரப்பி முழுவதும் வீங்குகிறது. நமக்கோ ஒரு கலத்தில் தொடங்குகிறது. குளிசை எடுத்த பெண்களைப் பார்த்த ஆய்வுகளில், அதனால் இந்தக் கட்டி வருவதாகத் தெரியவில்லை. 1997 இல் டொபமைனை ஏற்கும் வாயில் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். வயதான பெண் சுண்டெலிகளுக்குப் புரோலக்ரின் கட்டி வந்தது. மனிதக் கட்டிகளில் அந்த மரபணுக் குறையைத் தேடினார்கள், காணவில்லை. ஆகவே விலங்கு வழி காட்டும். முடிவை மனிதரில்தான் பார்க்க வேண்டும்.

இதற்காக எத்தனையோ உயிர்கள் போயின என்று நினைக்க எனக்கும் மனம் கனக்கிறது. இயன்ற இடத்தில் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்ற மூன்று விதிகளை 1959 இல் இரண்டு ஆங்கிலேய அறிஞர் எழுதி வைத்தார்கள். இன்றும் நல்ல ஆய்வுக்கூடங்கள் அதையே பின்பற்ற வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

பால் வந்தால் எல்லோருக்கும் கட்டி என்று இல்லை. யுத்தத்தைக் கண்ட நமக்கு வேறு காரணங்களும் உண்டு. மனநலக் கிளினிக்கில் தரும் ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன் போன்றவையும், வாந்திக்குத் தரும் டொம்பெரிடோனும் புரோலக்ரினைக் கூட்டும். அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். மனநல மருந்தை நீங்களாக ஒருபோதும் நிறுத்த வேண்டாம். மார்பில் ஷெல் துண்டு பட்ட காயமும் எரிகாயமும், பிள்ளை வாய் வைத்தது போல நரம்பு வழியே மூளைக்குச் சேதி அனுப்பும். தைரொயிட் குறைந்தாலும் இப்படி ஆகும்.

டொக்டர் முதலில் கர்ப்பப் பரிசோதனை கேட்பார். அவமானமாக நினைக்க வேண்டாம். யாராக இருந்தாலும் அதுதான் ஒழுங்கு. பிறகு இரத்தப் பரிசோதனை, தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கான். தலையிடியோடு பக்கப் பார்வை மங்கினால், நிலைக்கதவில் தோள் இடிபட்டால், பக்கத்தால் வரும் வாகனம் தெரியாவிட்டால், ஒரு நாளும் பிந்தாமல் போங்கள். கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தும்.

புரோமோகிறிப்ரின் தினமும் எடுக்க வேண்டும். பின்னர் வந்த கபர்கோலின் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை போதும். பெரும்பாலானோருக்குப் பால் நின்று, கட்டியும் சுருங்கும். தொடக்கத்தில் குமட்டலும் தலைச்சுற்றும் வரலாம். இரவில் சாப்பாட்டோடு எடுத்து, படுக்கையிலிருந்து மெதுவாக எழும்புங்கள். கணவரோடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதவிடாய் திரும்ப வருமுன்னரே கரு தங்கலாம்.

"புருஷனே இல்லை, எனக்கு மாதவிடாய் எதற்கு?" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். மாதவிடாய் நீண்ட காலம் நின்றால் ஈஸ்ரோஜன் குறைந்து எலும்பு தேயும். விறகும் தண்ணீரும் சுமந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே மருத்துவம் உங்களுக்கும் வேண்டும்.

உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் வழி காட்டுவார். கூட வர ஆள் தேவையென்றால் நம்பிக்கையான ஒரு தோழியை அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படிக் கதை எழும்பினால், இந்தப் பக்கத்தை அங்கே வாசித்துக் காட்டுங்கள்.