பல்லுக்குத் தேதி குறிக்காதீர்கள்!

"பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணமுங்க. அதுக்குள்ளே கிளிப் போட்டு எத்துப்பல்லைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க டாக்டர்!" எங்கள் திருப்பூர்ப் பக்கம் தாய்மார்கள் இப்படிக் கேட்பது சகஜம். ஷிப்மெண்ட் தேதியை வைத்தே வாழ்ந்து பழகிய ஊரல்லவா! பனியனை ராத்திரி ஷிப்டு போட்டு முடித்துவிடலாம். பல்லை அப்படி முடிக்க முடியாது, சகோதரிகளே!

கிளிப் பல்லை மெதுவாக அழுத்துகிறது. அழுத்தம் விழும் பக்கம் தாடை எலும்பு கரைந்து வழிவிடும். மறுபக்கம் புது எலும்பு வளரும். அப்போது பல்லின் வேர் நுனியும் கொஞ்சம் கரைவதுண்டு. அமெரிக்காவில் டென்வர் நகரப் பல் மருத்துவர் ஆல்பர்ட் கெட்சம் 1927லேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இதை எழுதினார். பெரும்பாலோருக்கு 1, 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும், பயம் வேண்டாம். நூற்றில் ஒரு சிலருக்கு மட்டும் வேரில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்விடும். மேல்வரிசை முன்பற்களில்தான் இது அதிகம். வலி தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். குறைந்த வேர் மறுபடி நீளாது. அழுத்தம் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதனால்தான் அவசரம் கூடாது என்கிறேன்.

டாக்டரிடம் நாம் செய்ய வேண்டியவை:

* கிளிப் போடுமுன் ஒரு எக்ஸ்ரே, ஆறு மாதம் கழித்து இன்னொன்று தேவையா என்று கேளுங்கள்.

* குழந்தை முன்பு விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

* வேர் குறைவது தெரிந்தால் டாக்டர் இரண்டு, மூன்று மாதம் சிகிச்சையை நிறுத்தி வைப்பார். "இழுத்தடிக்கிறாரே" என்று முணுமுணுக்காதீர்கள். அந்த ஓய்வு வேருக்கு நல்லது.

* சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். கிளிப் போட்டபின் பிரஷ் செய்வது சிரமம். சொத்தை சீக்கிரம் பரவும்.

அடைப்பதற்கு இப்போது பல்லின் நிறத்திலேயே காம்போசிட் வந்திருக்கிறது. நீல வெளிச்சம் காட்டியதும் இறுகிவிடும். எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. ஆகவே குழந்தை வாயை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். 15 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு, டாக்டர் அவசியமென்று கருதினாலொழிய, அது வேண்டாம் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022ல் முடிவு செய்தன. இந்தியாவும் அதில் உண்டு. ஏற்கெனவே அடைத்தது நன்றாக இருந்தால் தோண்டி எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம்: தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே நூலைப் பல்லால் கடித்து அறுப்பது. முன்பல் விளிம்பில் பள்ளம் விழும், அடைத்ததும் பெயரும். பிசிறு வெட்டும் கத்தரி எதற்கு இருக்கிறது?

கிளிப் சிகிச்சைக்குச் சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். ஆகவே கல்யாணம் நிச்சயமானபின் ஓடாமல், பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயதிலேயே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.