கோடிக் குழகரின் தனிமை

கடல் காணாத ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து அன்பர்களுக்குக் கடல் நீராடல் என்றதும் இராமேசுவரமும் திருச்செந்தூரும் கன்னியாகுமரியுமே நினைவுக்கு வரும். அங்குள்ள நெரிசலில் தள்ளாத வயதினர் ஒரு முழுக்குப் போடுவதே பெரும்பாடு. அத்தகையோர் அமைதியாகத் தரிசிக்கத் தக்க கடற்கரைத் தலம் ஒன்று உண்டு. அதுவே கோடியக்கரை.

வேதாரண்யத்திற்குத் தெற்கே, அகத்தியான்பள்ளியைக் கடந்து சென்றால் கோடிக் குழகர் ஆலயத்தை அடையலாம். காவிரித் தென்கரையில் பாடல் பெற்ற 127 தலங்களுள் இறுதியானது இது. அம்பிகையின் திருநாமம் மைத்தடங்கண்ணி. இங்குள்ள கடலை ஆதிசேது எனப் போற்றுவர்.

சேரமான் பெருமாளுடன் திருமறைக்காட்டை வழிபட்ட சுந்தரர், அங்கிருந்து இத்தலத்திற்கு எழுந்தருளினார். சுற்றிலும் குடியிருப்பு எதுவும் இல்லை. கடற்காற்று வந்து மோதுகிறது. அம்பிகை அஞ்சும்படி காட்டில் ஆந்தையும் கூகையும் அலறுகின்றன. தம்பிரான் தோழர் அல்லவா? அவர் உள்ளம் தாங்கவில்லை. பொன்னும் பொருளும் கேட்டுப் பல தலங்களில் பாடியவர், இங்கே தமக்கென எதையும் வேண்டாமல், "துணையின்றி இங்கே ஏன் இருக்கிறீர்?" என்னும் கருத்தில் இறைவனையே வினவிக் கலங்கினார்.

ஓசூரில் மகனும் மருமகளும் ஆலைப் பணிக்குச் சென்றபின், பகல் முழுவதும் பேச்சுத் துணையின்றி இருக்கும் முதியோர் பலர். பிள்ளைகளை இங்கு அனுப்பிவிட்டுச் சொந்த ஊரில் தனித்திருப்போரும் உண்டு. அவர்களுக்கு இப்பதிகம் மிக நெருக்கமானது. தனித்திருத்தல் ஒரு குறையன்று. குழகரே அப்படித்தான் வீற்றிருக்கிறார். ஆனால் தனித்திருப்பவரைத் தேடிச் சென்று நலம் கேட்பது அன்பின் கடமை. இறைவனிடத்தும் அதைச் செய்து காட்டியவர் சுந்தரர்.

அவர் கண்ட காட்டின் தன்மை இன்றும் அங்கு மிஞ்சியிருக்கிறது. 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. வெளிமான்கள் மேய்கின்றன, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்குகின்றன. கடற்கரையில் கேளிக்கை விடுதிகளோ கடைவரிசையோ கிடையாது.

ஆடி, தை அமாவாசை நாட்களில் மட்டும் நீராட வருவோர் திரளுவர். முதியோர் மற்ற நாட்களில் செல்வதே நலம். ஓசூரிலிருந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சென்று, இரவு தங்கி, மறுநாள் காலையில் புறப்படலாம். குடிநீரும் விளக்கிற்கு எண்ணெயும் உடன் கொண்டு செல்லுங்கள். நீராடிய துணியைக் கடலில் விட வேண்டாம். கொண்டுசென்ற பைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அவை மானின் வயிற்றுக்குள் போகக் கூடாது.

குழகருக்கு நாம் துணையாக வேண்டுமேயன்றி, அவரது கானகத்திற்குச் சுமையாகிவிடலாகாது. சந்நிதியில் ஒரு விளக்கேற்றி, சுந்தரர் பதிகத்தை ஓதிச் சற்று நேரம் அமர்ந்திருங்கள். அங்கே அவசரப்படுத்த எவரும் இல்லை.