நிற்கும் இடமும் வந்த வழியும்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எனினும் ஒன்று எலும்பாகிறது, மற்றொன்று தசையாகிறது. எல்லாம் மரபணுவின் செயலே என்று கூறி அமைவது எளிது. அக்கூற்று பாதி உண்மையே என்பது என் கருத்து.

அமெரிக்க உயிரியலறிஞர் ஜான் சாண்டர்சும் அவர்தம் குழுவினரும் கோழிக்கருவில் நிகழ்த்திய ஆய்வொன்றை 1957இல் வெளியிட்டனர். கால் முளையில் தொடையாக வளரவிருந்த திசுவை எடுத்துச் சிறகு முளையின் நுனியில் பதித்தனர். அது தொடையாகவில்லை, சிறகின் நுனியாகவும் மாறவில்லை, நகங்களுடன் கூடிய கால்விரல்களாக வளர்ந்தது! நுனிக்குரிய உறுப்பாக வளரப் பணித்தது புதிய இடம். காலுக்கு உரியவை என்னும் பழைய நினைவையோ அவ்வுயிரணுக்கள் இழக்கவில்லை.

உயிரணு தன் இருப்பிடத்தை அறிந்து, அதற்கேற்ப உருப்பெறுகிறது என்னும் கொள்கையை 1969இல் லூயிஸ் வோல்பர்ட் விளக்கினார். அண்டையிலுள்ள உயிரணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்களின் செறிவு, இடத்தை உணர்த்தும் குறிப்புகளுள் ஒன்றாகும். அக்குறிப்பைப் படிக்கும் திறனை மரபணுக்களே நல்குகின்றன. அதற்கும் காலவரம்பு உண்டு. கரு வளர வளர, உயிரணு மாறுவதற்கான வாய்ப்பு குறைகிறது.

ஆகவே, மரபா, இடமா என வினவுவதே பொருந்தாது. ஆய்வகத்தில் உறுப்புகளை வளர்க்க முயலும் இன்றைய மருத்துவத்திற்கும் இதுவே பாடம். உயிரணுக்களைத் திரட்டினால் மட்டும் போதாது. எது எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்பதையும் நாம் அறிந்தாக வேண்டும்.