தோட்டம் கைமாறும்போது

ஒரு தொழில் நொடித்தால் அதை நடத்தும் கம்பெனி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவதில்லை. நமது பால்மரத் தோட்டங்களையே பாருங்களேன்.

சுதந்திரம் நெருங்கிய 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். செயற்கை ரப்பரின் போட்டியால் விலையும் இறங்க, நிலைத்து நின்ற கம்பெனிகள் செம்பனைக்கு மாறின. பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். செம்பனையோ மூன்றாம் ஆண்டிலேயே குலை தள்ளும். ஏக்கருக்கு ஆளும் குறைவு. (நம் அடுப்பைத் தொட்ட காரணம் இதுதான்!) பட்டணத்தை ஒட்டியிருந்தால் பயிரே வேண்டாம், வீடு கட்டி விற்கலாம். சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது அப்படித்தான்.

விற்றாலும், பயிரை மாற்றினாலும், வீடு கட்டினாலும் கம்பெனிக்குக் கைகொடுத்தது மண். நமக்கோ லயத்து வீடுகூட வேலை உள்ளவரைதான்.

துன் வீ. தி. சம்பந்தன் இதை நன்கு உணர்ந்தவர். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். முதலாளிகளின் வித்தையைத் தொழிலாளியும் செய்ய முடிந்தது!

எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே, கிழட்டு மரங்களைச் சாய்த்த இடத்தில் மறுநடவு இல்லாமல் நில அளவைக்காரர்கள் நடமாடினால், வேலையைப் பற்றிக் கேட்குமுன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.